காருக்கு ஏற்ற ஒலிபெருக்கி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். காரில் உள்ள ஒலிபெருக்கி பழுதுபட்டுவிட்டால், அதற்குப் பதிலாக வேறொன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அப்பொருள். கார் வைத்திருப்பவரின் கவலை நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும் இச்சிறு காரியத்துக்குள் உங்கள் பௌதிகப் புத்தகத்தின் மூன்று அதிகாரங்கள் அடங்கியிருக்கின்றன. அந்த அதிகாரங்களை முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். நடத்தியவனே அவற்றை மறந்தமையால் ஒரு பெண்ணின் மனத்தை வீணாகப் புண்படுத்த நேர்ந்தது. அதைச் சொல்லிவிட்டே பொருளுக்குள் புகவேண்டும்.

நான் குடியிருப்பது தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கம். வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்குச் செல்லும் பெருஞ்சாலை எங்கள் ஊரின் ஊடே செல்கிறது. காலையிலும் மாலையிலும் அச்சாலையில் வண்டிகள் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகுதி. அவ்வாறு நிற்கும்போதெல்லாம் காரிலுள்ள வானொலிதான் எனக்குத் துணை. சென்ற ஆண்டு ஒரு மாலை, கல்லூரியில் படிக்கும் என் பேத்தி வானொலியில் பத்து நிமிடம் பேசினாள். செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் ஆகிய எங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றியது அப்பேச்சு. வீடு சேர்வதற்குள் நேரம் ஆகிவிட்டபடியால், சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கின் முன் நின்றவாறே காரில் அதைக் கேட்டேன்.

கேட்டது எனக்கு நிறைவளிக்கவில்லை. 'மழை வெள்ளம்' என்று அவள் சொல்லவேண்டிய இடங்களிலெல்லாம் 'மலை வெல்லம்' என்றே என் காதில் விழுந்தது. ஆசிரியர் வேலையில் ஊறிய நாக்கு சும்மா இருக்குமா? வீட்டுக்குள் நுழைந்தவுடன், "பொருள் நன்று அம்மா, உச்சரிப்புத்தான் போதாது. மழையும் மலையும் ஒன்றாகிவிட்டன" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது. பல நாள் பழகி, ஆசிரியர் ஒருவரிடம் திருத்தம் கேட்டு, அதன் பின்னரே அவள் வானொலி நிலையத்துக்குச் சென்றிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கழிந்தது. ஒருநாள் அவள் தன் கைப்பேசியோடு வந்து, "தாத்தா, இதைச் சற்றுக் கேளுங்கள்" என்று சொல்லி, காதில் செருகும் சிறு கருவியை என் கையில் கொடுத்தாள். அதே பேச்சின் பதிவு அது. மழை மழையாக இருந்தது. வெள்ளம் வெள்ளமாக இருந்தது. ஒரு ழகரம்கூடப் பிழைபடவில்லை. நான் தலைகுனிந்தேன். பிழை அவள் நாவில் இல்லை. அது என் செவியிலா, என் காரிலா என்பதைக் கண்டறிய வேண்டியதே எஞ்சி நின்றது.

இந்த இடத்தில் நம் மொழியின் ஒலிகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். ஒரு நொடியில் எத்தனை முறை காற்று அதிர்கிறதோ அதனை அதிர்வெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். இளம் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. நாம் பேசும்போது உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அமைந்திருக்கிறது. ஆனால் ஒரு மெய்யினின்று மற்றொரு மெய்யைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய குறிப்புகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 வரை உள்ள பகுதியில் இருக்கின்றன. 'ஸ' போன்ற உரசொலிகள் அதற்கும் மேலே செல்கின்றன. ஆகவே கீழ்ப்பகுதி மட்டும் காதில் விழுந்தால், யாரோ பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. ஓசை இருக்கும், சொல் இராது. என் காரில் நேர்ந்தது இதுவே.

இனி, பழுதைக் கண்டறிந்த விதத்தைக் கூறுகிறேன். புதியது வாங்குமுன் பழையதுதானா குற்றவாளி என்று விசாரிப்பது முறை. அதற்கு முதற்கருவி வானொலிப் பெட்டியிலேயே இருக்கிறது. ஒலியை இடப்புறமோ வலப்புறமோ, முன்னோ பின்னோ ஒதுக்கும் வசதி எல்லாக் கார் ஸ்டீரியோவிலும் உண்டு. ஒலியை முற்றிலும் இடக் கதவுக்கு ஒதுக்கினேன். பேச்சு ஒருவாறு தெளிந்தது. வலக் கதவுக்கு ஒதுக்கினேன். தகரத்தில் வண்டு புகுந்ததுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. நம் நாட்டில் ஓட்டுபவர் அமர்வது வலப்புறம். ஆகவே பழுதுபட்ட ஒலிபெருக்கி என் முழங்காலுக்கு அருகிலேயே இருந்து நல்லதன் குரலை அமுக்கிக்கொண்டிருந்தது.

கதவின் உட்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அதை விளக்க, ஒலிபெருக்கி வேலை செய்யும் விதத்தை நினைவூட்ட வேண்டும். ஒரு வட்டக் காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருளோடு காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூம்பு ஒட்டப்பட்டிருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலத்தில் அது உந்தப்படும். மின்னோட்டத்தின் திசை மாறினால் உந்தும் திசையும் மாறும். இவ்வாறு கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்டனர். நூறாண்டு ஆகியும் அதன் அடிப்படை மாறவில்லை.

கூம்பின் வெளிவிளிம்பைச் சட்டத்தோடு இணைப்பது ஒரு வளையம். அது நெகிழ்ந்து கொடுத்தால்தான் கூம்பு அசையும். நேராக நின்றால்தான் சுருள் காந்தத்தில் உராயாமல் இருக்கும். என் காரில் அவ்வளையம் நுரைப்பஞ்சால் ஆனது. வெயிலில் நிற்கும் காரின் வெப்பமும் நம் கடற்கரை நாட்டின் ஈரமும் சேர்ந்து அதை அரித்துவிட்டிருந்தன. விரல் பட்டவுடன் உதிர்ந்தது. கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினேன். மணல் அரைபடுவதுபோல் சுருள் உராயும் ஓசை கேட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. மல்டிமீட்டர் கையில் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 4 ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியின் முனைகளில் மின்தடையை அளந்தால் 3-க்கும் 4-க்கும் இடையே ஓர் எண் வரவேண்டும். முள் அசையாமலோ, எண் தோன்றாமலோ இருந்தால் சுருள் அறுந்துவிட்டது என்று பொருள்.

பழுது ஒன்றில்தான் என்றாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நன்று. இடமும் வலமும் வெவ்வேறு குரலில் பேசினால் பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் தோன்றும்.

இவ்வளவு தெரிந்துகொண்டு, பழைய ஒலிபெருக்கியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, தாம்பரத்தில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கினேன். அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குச் சென்றேன். ஜி.பி. ரோடு என்று எல்லாரும் அறிந்த அத்தெருவில் காருக்கு வேண்டிய பொருள்கள் வரிசை வரிசையாகக் கிடைக்கும். அருகிலேயே மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவும் இருக்கிறது.

முதற்கடையில் இருந்த இளைஞர் மிக்க மரியாதையோடு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதன் மேல் கொட்டை எழுத்தில் 300 வாட் என்று இருந்தது. "சார், இதைவிடப் பெரியது வேண்டுமென்றால் 400-ம் இருக்கிறது" என்றார். எண் பெரிதானால் பொருள் சிறந்தது என்னும் எண்ணம் நம் எல்லாருக்கும் உள்ளதே. மாணவர்களே, இங்கேதான் உங்கள் கணக்கு கைகொடுக்க வேண்டும்.

ஒலிபெருக்கி தானாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. வானொலிப் பெட்டி தருவதை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவே. வானொலிப் பெட்டிக்கு ஆற்றல் தருவது காரின் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். தனிப் பெருக்கி ஏதும் பொருத்தாத சாதாரணப் பெட்டியினால் ஒலிபெருக்கியின் முனைகளுக்கு இடையே இதற்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தர இயலாது. ஆற்றல் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து வரும் ஈவு. 14.4-இன் வர்க்கம் 207.36, அதை 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட். பெட்டியின் முகத்தில் 50 வாட் என்று அச்சிடுகிறார்களே, அந்த எண் பிறக்கும் இடம் இதுதான்.

ஆனால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுண்டு சதுரமாகிப்போன நிலையில்தான் அந்த 52 கிட்டும். அந்நிலையில் இசை இசையாக இராது. அலை தன் இயல்பான வளைவோடு இருக்கவேண்டுமானால் அதில் பாதியே, அதாவது 26 வாட்டே, கணக்குப்படி பெறக்கூடியது. பெட்டிக்குள் ஏற்படும் இழப்புகளையும் கழித்தால் 20 வாட் அளவில் வந்து நிற்கும். 20 வாட் தரும் பெட்டிக்கு 300 வாட் ஒலிபெருக்கி எதற்கு? உழக்கு நெல் அளப்பவன் வீட்டில் நூறு மூட்டைக் குதிர் கட்டியது போலாகும்.

அந்த 300-ம் பெரும்பாலும் உச்ச அளவு. கண்ணிமைக்கும் நேரம் தாங்கக்கூடியதை உச்ச அளவு என்றும், தொடர்ந்து தாங்கக்கூடியதை ஆர்.எம்.எஸ். அளவு என்றும் குறிப்பார்கள். வீட்டு மின்சாரத்தை 230 வோல்ட் என்கிறோம். அதன் உச்சம் ஏறத்தாழ 325. ஆயினும் 325 வோல்ட் மின்சாரம் என்று நாம் பெருமை பேசுவதில்லை. ஒலிபெருக்கியிலும் பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள ஆர்.எம்.எஸ். எண்ணையே தேடிப் பாருங்கள். 30 முதல் 60 வரை இருந்தால் சாதாரணக் கார் ஸ்டீரியோவுக்கு அது தாராளம்.

அப்படியானால் எந்த எண்ணைக் கேட்க வேண்டும்? நான் இரண்டைக் கேட்டேன். முதலாவது ஓம் எண். மாறுமின்னோட்டத்துக்கு ஒலிபெருக்கி காட்டும் எதிர்ப்பு அது. பெரும்பான்மையான கார்ப் பெட்டிகள் 4 ஓமுக்கென்று அமைந்தவை. 2 ஓம் உள்ள ஒன்றைப் பொருத்தினால் இருமடங்கு மின்னோட்டம் பாய முயலும். அதற்கென அமையாத பெட்டி சூடேறிப் பழுதாகும். வீட்டிலுள்ள பழைய 8 ஓம் ஒலிபெருக்கியைப் பொருத்தினால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் ஆற்றல் பாதியாகக் குறையும். ஆகவே பெட்டியோடு வந்த கையேட்டில் என்ன எண் உள்ளதோ அதையே வாங்குவது அறிவுடைமை.

இரண்டாவது, உணர்திறன் எண். ஒரு வாட் ஆற்றலைக் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்பதே அது. கடையில் இதை யாரும் கேட்பதில்லை. எனினும் இதுவே தலையாயது. ஒலி 3 டெசிபல் உயர வேண்டுமானால் ஆற்றல் இருமடங்காக வேண்டும். 6 டெசிபல் உயர நான்கு மடங்காக வேண்டும். 86 டெசிபல் உள்ள ஒன்றும் 92 டெசிபல் உள்ள ஒன்றும் உங்கள் முன் இருக்கின்றன என்று வையுங்கள். முன்னதற்கு 60 வாட் கொடுத்தால் எழும் ஒலியைப் பின்னது 15 வாட்டிலேயே தந்துவிடும். நம்மிடம் இருப்பதோ 20 வாட். எது நமக்கு உரியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணை அச்சிடுகிறார்கள். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ட் என்பது ஒரு வாட்டேதான். 4 ஓமுக்கோ அது இரண்டு வாட் ஆகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள். அளந்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எண் 3 டெசிபல் உயர்ந்து தோன்றும். இரண்டு பொருள்களை ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே படியால் அளக்கப்பட்டவையா என்று பார்ப்பது அறிவியலின் முதற்பாடம்.

அடுத்து, வகை. கடைகளில் இருவகை வைத்திருப்பார்கள். ஒரே சட்டத்தில் தாழ்ந்த ஒலிக்கு ஒரு பெரிய கூம்பும், அதன் நடுவில் உயர்ந்த ஒலிக்கு ஒரு சிறு ட்வீட்டரும் அமைந்திருப்பது ஒருவகை. அதற்குக் கோஆக்ஸியல் என்று பெயர். இரண்டும் தனித்தனியாக, ஒலியைப் பிரித்தனுப்பும் சிறு மின்சுற்றோடு வருவது இன்னொரு வகை. அதைக் காம்பொனென்ட் என்பார்கள். பின்னதன் ட்வீட்டரைக் காதின் உயரத்துக்கு அருகே பொருத்தலாம். உயர்ந்த ஒலி நேர்கோட்டில் செல்லும் இயல்பினது. முழங்கால் அருகிலிருந்து வந்தால் பாதி காலிலேயே மோதி நின்றுவிடும். ஆனால் அதற்குக் கதவில் புதிய துளையிட வேண்டும், செலவும் மிகுதி. பழைய இடத்திலேயே பொருத்த விரும்புபவர்க்குக் கோஆக்ஸியல் போதும். என் பழைய ஒலிபெருக்கியில் ட்வீட்டரே இல்லை. காகிதக் கூம்பு ஒன்றே எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருந்தது.

ட்வீட்டர் இல்லாமலே ஒரு காலத்தில் மக்கள் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாள் தொடங்கியபோது, ஒலிபரப்பு மத்திய அலையில் வந்தது. மத்திய அலையில் அடுத்தடுத்த நிலையங்கள் இன்று 9,000 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. ஆகையால் அது சுமந்துவரும் ஒலி 4,500 ஹெர்ட்ஸ் அளவோடு பெரிதும் நின்றுவிடும். 1977 ஜூலை 23-ஆம் நாள், இந்தியாவிலேயே முதன்முதலாக, சென்னையில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிற்று. பண்பலை 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியைக் கொண்டு வரவல்லது. மத்திய அலைக்கு ஒற்றைக் கூம்பு போதுமாயிருந்தது, பண்பலைக்குப் போதாது. நிலையம் அனுப்பியதை வாசலில் நிறுத்திவிடும் காவற்காரனாக அது ஆகிவிடுகிறது.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். கதவுகளில் பெரும்பாலும் பொருந்துவது ஆறரை அங்குலம். அதாவது ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். சில சிறு கார்களில் ஐந்தேகால் அங்குலம் இருக்கும். பின்பலகையில் ஆறுக்கு ஒன்பது என்னும் நீள்வட்டம் இருப்பதும் உண்டு. குறுக்களவு பொருந்தினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆழமும் பொருந்த வேண்டும். சன்னல் கண்ணாடி இறங்கும்போது கதவுக்குள்ளேதான் வந்து நிற்கிறது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, சட்டத்திலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய காந்தமுள்ள ஒலிபெருக்கியை அளக்காமல் வாங்கிப் பொருத்தினால், முதல் நாளே கண்ணாடி அதன் முதுகில் இடிக்கும். நான் ஓர் அட்டையைக் கதவுத் துளையின் வடிவில் வெட்டி, திருகுத் துளைகளையும் குறித்து, ஆழத்தை அதன் மேலேயே எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஐந்து நிமிடத்தில் எட்டுப் பெட்டிகளை ஒதுக்கி மூன்றை மட்டும் முன்னே வைத்தார்.

அம்மூன்றினுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது செவியின் வேலை. இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. இரண்டு ஒலிபெருக்கிகளை அடுத்தடுத்துக் கேட்டால், எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே இனியது என்று மனம் முடிவு செய்துவிடும். இது மனித இயல்பு. ஆகவே இரண்டையும் ஒரே அளவு உரப்பில் வைக்கச் சொன்னேன். கடையில் வழக்கமாகப் போடும் ஆரவாரப் பாட்டை நிறுத்தச் செய்து, என் பேத்தியின் பேச்சையும், நான் பல்லாண்டு கேட்டுப் பழகிய ஒரு வீணைப் பதிவையும் போடச் செய்தேன். நமக்கு நன்கு தெரிந்த குரலே நல்ல உரைகல். ஒன்று தாழ்ந்த ஒலியை மிகுத்துக் காட்டி, பேச்சைக் குடத்துக்குள் பேசுவதாக்கியது. மற்றொன்று சகரங்களைக் கூர்மையாக்கிக் காதைக் குத்தியது. நடுத்தர விலையுள்ள மூன்றாவதில் அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது. அதன் விளிம்பு வளையமும் ரப்பரால் ஆனது. நுரைப்பஞ்சைவிட நெடுநாள் உழைக்கக்கூடியது. அதையே வாங்கினேன்.

வாங்கியபின்னும் வேலை முடியவில்லை. பொருத்துவதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கையில் வெறுமனே பிடித்துப் பாட வையுங்கள். ஒலி மெலிந்து தகரம்போல் இருக்கும். பெரிய அட்டை ஒன்றில் அதன் அளவுக்குத் துளையிட்டு, துளையில் அதை இறுகப் பொருத்திப் பாருங்கள். தாழ்ந்த ஒலி உடனே செழித்து எழும். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்புறக் காற்றும் பின்புறக் காற்றும் விளிம்பைச் சுற்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அட்டை அவற்றைப் பிரித்து நிறுத்துகிறது. காரில் அந்த அட்டையின் வேலையைக் கதவு செய்கிறது. ஆகையால் சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே இடுக்கு இல்லாமல் ஒரு பட்டையிட்டு அடைக்க வேண்டும். விலையுயர்ந்த ஒலிபெருக்கியை இடுக்கோடு பொருத்துவதைவிட எளிய ஒன்றை இறுகப் பொருத்துவது மேல்.

இரண்டாவது, திசை. இரு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளவேண்டும். ஒன்றின் கம்பிகள் மாறிவிட்டால் ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும். தாழ்ந்த ஒலி காணாமற்போகும். கம்பி எது என்ற ஐயம் எழுந்தால் ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றை ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், கலத்தின் நேர்முனை தொட்டதே ஒலிபெருக்கியின் நேர்முனை.

மூன்றாவது, நீர். மழை நாளில் சன்னலின் வழியே இறங்கும் நீர் கதவின் உட்புறமாக வழிந்து, அடியிலுள்ள துளைகளின் வழியே வெளியேறும். அந்நீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். அவசரக்காரர் அதைக் கிழித்து எறிந்துவிடுவர். ஐப்பசி அடைமழை தொடங்கினால் அதன் அருமை தெரியும். சேலையூர் கேம்ப் ரோட்டில் எனக்கு இதைப் பொருத்திக்கொடுத்த தொழிலாளி, நான் சொல்லாமலே அப்படலத்தைப் பதமாக விலக்கி மீண்டும் ஒட்டினார். எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் அதை அறிந்திருந்தார்; புத்தகம் படித்த நான் அவரிடம் கற்றேன்.

நல்ல ஒலிபெருக்கி கிடைத்தபின் அதை எவ்வளவு உரக்க வைப்பது என்பது உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்லவேண்டியது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை செவி பொறுக்கும் என்று பணியிடங்களுக்கு வரையறுத்திருக்கிறார்கள். 3 டெசிபல் ஏறினால் அந்நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி. 91-க்கு இரண்டு மணி. 100-க்குக் கால் மணி நேரமே. கண்ணாடியை ஏற்றிவிட்ட காரினுள் 100 டெசிபலை எட்டுவது அரிதன்று. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. ஒலிபெருக்கியை ஜி.பி. ரோட்டில் மாற்றலாம், செவியை எந்தத் தெருவில் மாற்றுவது? மேலும், பின்னே வரும் ஆம்புலன்ஸின் சங்கொலி ஓட்டுபவர் காதில் விழுந்தாக வேண்டும். வேளச்சேரிச் சாலையின் நெரிசலில் அது ஓர் உயிரின் விஷயம்.

என் செவியையும் ஒரு மருத்துவரிடம் சோதித்துக்கொண்டேன். உயர்ந்த அதிர்வெண்களில் எனக்குச் சிறிது குறைவு இருப்பதாகவும், அது என் வயதுக்கு இயல்பே என்றும் சொன்னார். அப்போதுதான் முழு உண்மையும் புலனாயிற்று. செவி சிறிது இழந்திருந்தது. காகிதக் கூம்பு மேலும் சிறிது இழந்தது. அரித்துப்போன வளையத்தின் இரைச்சல் எஞ்சியதை மூடியது. மூன்றும் சேர்ந்த இடத்தில் ழகரம் மறைந்தது. நானோ மூன்றையும் விட்டுவிட்டு நான்காமவளைக் குற்றஞ்சாட்டினேன்.

புதிய ஒலிபெருக்கிகளைப் பொருத்திய மாலை, என் பேத்தியைக் காரில் முன்னிருக்கையில் அமர்த்தி, கண்ணாடிகளை ஏற்றி, அவள் பேச்சை மீண்டும் போட்டேன். மழை, ஏரி, வெள்ளம், ஆழம், கீழ்ப்பாக்கம் என்று ஒவ்வொரு சொல்லும் அதனதன் உருவில் வந்தது. முடிந்தவுடன், "நான் சொன்னது தவறு அம்மா" என்றேன். "தாத்தா, அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து ழகரம் பழகியிருக்க மாட்டேனே!" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியில் பின் வரிசையில் அமர்ந்து, நான் சொன்னது சரியாக விழாமல் தவறாக எழுதி, என்னிடம் மதிப்பெண் இழந்த பிள்ளைகள் எத்தனை பேரோ என்னும் நினைவு வந்தது.

பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். உங்களிடம் உள்ள கருவிக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். அளந்து வாங்குங்கள், தெரிந்த குரலைக் கொண்டு சோதியுங்கள், இடுக்கில்லாமல் பொருத்துங்கள், அடக்கமாக ஒலிக்கச் செய்யுங்கள். ஒருவர் பேசுவது உங்களுக்கு விளங்கவில்லையானால், பேசுபவரைத் திருத்தப் புகுமுன், நடுவில் உள்ள கருவியையும் கேட்கும் செவியையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.